வதஜும் சீன ஊசியும்: குதிரையின் காய்ச்சலும் இரு மருத்துவ மரபுகளும்

அறுப்புச் சட்டங்களை ஃபிக்ஹு நூல்களில் பயின்றோருக்கு 'வதஜ்' என்னும் சொல் புதியதன்று. கழுத்தின் இரு பக்கமும் ஓடும் பெருங்குருதிக் குழாய்கள் இரண்டையும் 'வதஜைன்' என்று அந்நூல்கள் குறிக்கின்றன. அச்சொல்லுக்கு உயிர் காக்கும் தொழிலிலும் ஓர் இடம் உண்டு என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. அதே வேரிலிருந்து பிறந்த 'தவ்தீஜ்' என்பதற்கு, மனிதருக்கு ஃபஸ்து எத்தகையதோ கால்நடைக்குத் தவ்தீஜ் அத்தகையது என்று அரபு அகராதியாசிரியர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள். நோயுற்ற குதிரையின் கழுத்து நாளத்தைக் கீறி, அளவறிந்து குருதியை வெளியேற்றிப் பின் அடைக்கும் சிகிச்சையே அது. அரபுலகின் கால்நடை வைத்தியனான பைத்தாரின் கைப்பெட்டியில் அதற்கென்றே ஒரு சிறு கத்தி இருந்தது. அதன் பெயர் 'மிப்ஸஃக்'. இச்சொல்லின் வேரைத்தான் இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாறு கூறும் அல்அன்ஆம் அத்தியாயத்தில், நிலவும் கதிரவனும் உதிப்பதைக் குறிக்கும் இடத்தில் நாம் ஓதுகிறோம். தோலைப் பிளந்து குருதி வெளிப்படுவதும் இருளைப் பிளந்து ஒளி வெளிப்படுவதும் அம்மொழியில் ஒரே வேரில் அமைந்துள்ளன.

இதை இங்கே எடுத்துக் கூறக் காரணம் உண்டு. குதிரைக்குச் சூடும் காய்ச்சலும் கண்டால் உடலின் எவ்விடத்தில் ஊசி இறக்குவது என்பதைப் பெயர் சொல்லி வகுத்துத் தந்தவர்கள் சீனர்கள். அவர்கள் வகுத்த இடங்களுள் முதன்மையானதொன்று ஜிங்மை, அதாவது 'கழுத்து நாளம்'. கழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில், மேல் மூன்றிலொரு பகுதி முடியும் இடத்தில் அது அமைந்திருக்கிறது. பைத்தார் கத்தி வைத்த வதஜும் சீன வைத்தியர் ஊசி இறக்கிய ஜிங்மையும் ஒரே குழாய்தான். ஒருவர் நூலை மற்றவர் படித்தறியாத இரு மரபுகள் எவ்வாறு ஒரே இடத்தில் வந்து கை வைத்தன? அப்படிக் கை வைத்ததால் குதிரை பிழைத்ததா?

முதலில் சீனரின் முறையைக் காண்போம். அக்குபங்சர் என்றதும் மயிரிழை போன்ற ஊசிகளே நம் நினைவுக்கு வருகின்றன. குதிரை மருத்துவத்தில் அது முழு உண்மையாகாது. அங்கே ஊசிகள் மூவகைப்படும். தசைக்குள் செலுத்தும் உருண்டை ஊசி ஒன்று; இதனை 'வெள்ளூசி' என்பார்கள். தீயில் காய்ச்சிக் குத்தும் 'தீயூசி' மற்றொன்று. நாளத்தைத் திறப்பதற்கான, நுனி அகன்று கத்திபோல் இருக்கும் 'குருதியூசி' மூன்றாவது. சூட்டு நோய்களுக்குப் பெரிதும் பயன்பட்டது இந்த மூன்றாம் வகையே. ஆகவே சூட்டுக்கான புள்ளிகள் எனச் சீன நூல்கள் கூறுபவற்றில் பெரும்பாலானவை இரத்த நாளங்களின் மேலேயே அமைந்திருப்பதில் வியப்பில்லை.

காதின் நுனியில் அர்ஜியன் என்னும் புள்ளி உள்ளது. அங்கே சிறு நாளத்தைக் குத்திச் சில துளி குருதி எடுப்பார்கள். வாலின் நுனியில் உள்ளது வெய்ஜியன். நாக்கின் அடியில் இரு பக்கமும் தெரியும் நாளங்கள் துங்குவான். மேலண்ணத்தின் மூன்றாம் வரிமேட்டில், நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி இருப்பது யூதாங். வயிற்றில் சூடேறித் தீவனம் மறுக்கும் குதிரைக்கு அங்கே குத்துவது வழக்கம். கண்ணின் வெளிக்கோணத்துக்குப் பின்னால் ஓடும் நாளத்தில் தையாங் உள்ளது. கண் சிவந்து நீர் வடிந்தால் அது. முழங்கைக்குப் பின்னே விலாப்புறத்தில் ஓடும் நாளத்துப் புள்ளி குடலழற்சிக்குரியது. குளம்புக்கு மேல் மயிர் தொடங்கும் விளிம்பில் தீதோ என்னும் புள்ளிகள் உள்ளன. குளம்பினுள் சூடேறிக் குதிரை கால் ஊன்ற மாட்டாமல் நிற்கும் நோய்க்கு அவ்விடத்தில் குருதி எடுப்பார்கள். இவற்றிடையே வெள்ளூசிக்குரிய புள்ளி தாசுய். கழுத்தெலும்புக் கோவையின் கடைசிக் கணுவும் முதுகெலும்பின் முதற்கணுவும் சந்திக்கும் நடுக்கோட்டுப் பள்ளத்தில் அது இருக்கிறது. காய்ச்சல் என்றாலே இன்றைய கால்நடை அக்குபங்சர் மருத்துவர்கள் முதலில் தேடும் இடங்களில் அதுவும் ஒன்று.

இவை எந்த நூல்களில் உள்ளன? கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சின் நாட்டில் வாழ்ந்த குதிரைப் பரீட்சகர் போ லே என்பவரின் பெயரால் ஓர் ஊசிநூல் வழங்குகிறது. அது அவர் எழுதியதாக இருக்க முடியாது. பிற்காலத்தார் பெரியவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இப்பழக்கம் எல்லா நாட்டு மருத்துவ நூல்களுக்கும் பொதுவானதுதான். உறுதியாகக் கூறத்தக்கது டாங் அரச மரபின் காலம். அரசக் குதிரை இலாயங்களில் 600 கால்நடை வைத்தியர்களும் அவர்களுக்குப் பாடம் சொல்ல 4 ஆசிரியர்களும் 100 மாணவர்களும் அன்று இருந்தனர். 'ஸிமு அன்ஜி ஜி' என்னும் தொகுப்பின் வேர் அக்காலத்தது. மிங் காலத்தில், 1608இல், அன்ஹுய் பகுதியைச் சேர்ந்த யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் அனுபவத்தையும் முன்னோர் நூல்களையும் சேர்த்து 'யுவான்ஹெங் லியாவ்மா ஜி' என்னும் குதிரை மருத்துவ நூலை முடித்தனர். குதிரையின் பெருநோய்கள் எழுபத்திரண்டை அது படங்களுடன் விளக்குகிறது. வெயிலில் ஓடிய குதிரை திடீரெனத் தள்ளாடி, உடல் கொதித்து விழுவதைச் சீன மரபு 'கருவியர்வை' என்று பெயரிட்டு அழைத்தது. நாம் இன்று வெப்பத்தாக்கு என்பது அதுவே.

இங்கே ஒரு திருத்தம் கூற வேண்டும். குதிரையின் உடலில் வரிவரியாக ஆற்றலோடைகள் வரைந்து அச்சிட்ட படங்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அவ்வோடைகள் பழைய சீனக் குதிரை நூல்களுக்கு உரியனவல்ல. அந்நூல்களில் புள்ளிகள் தனித்தனியே பெயர் பெற்று நிற்கின்றன. மனித உடலுக்கென வகுத்த ஓடைகளை அப்படியே குதிரையின் மேல் வரைந்தது பெரும்பாலும் 1970களில் மேலைநாட்டவர் செய்த வேலை. அதன் விளைவு ஒரு வேடிக்கை: அப்படங்களில் பித்தப்பை ஓடை என்று ஒன்று தவறாமல் இருக்கிறது, குதிரைக்கோ பித்தப்பையே கிடையாது. மனிதனின் ஓடைகள் விரல் நுனிகளில் முடிகின்றன. குதிரைக்கு ஒரு காலில் ஒரு விரல்தான். எஞ்சிய விரல்களில் முடிய வேண்டியவற்றையும் ஒற்றைக் குளம்பின் விளிம்பைச் சுற்றி நெருக்கி அடைத்திருக்கிறார்கள். பழமை என்ற பெயரில் நம்மிடம் வருவதெல்லாம் பழையதன்று. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையில் யானைக்கு அக்குபங்சர் செய்தார்கள் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுவதையும் இவ்வகையில் சேர்க்கத் தோன்றுகிறது. பாகன் அங்குசத்தால் தொட்டு யானையை அடக்கும் இடங்கள் வேறு. நோய்க்கு ஊசி இறக்கும் இடங்கள் வேறு.

இனி நம் பக்கத்து மரபு. பைத்தார் என்னும் சொல்லே குதிரை வைத்தியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சொல்லோடு கொள்கையும் வந்தது. உடலின் நான்கு கலவைகளில் குருதி வெம்மையும் ஈரமும் உடையது. அது மிகுந்தால் சூடு மிகும். மிகுந்ததை வெளியேற்றினால் சமநிலை திரும்பும் என்பதே அது. அப்பாஸியர் காலத்தில், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், இப்னு அகீ ஹிஸாம் அல்குத்தலீ குதிரையேற்றமும் குதிரை மருத்துவமும் பற்றி எழுதினார். அஹ்மது இப்னுல் ஹஸன் இப்னுல் அஹ்னஃப் எழுதிய 'கிதாபுல் பைதரா'வின் படங்கள் வரைந்த பிரதிகள் 1209, 1210ஆம் ஆண்டுகளில் பாக்தாதில் எழுதப்பட்டன. ஒன்று கெய்ரோவிலும் மற்றொன்று இஸ்தான்பூலிலும் உள்ளன. இவ்வரிசையின் உச்சம் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் இலாயத் தலைவராயிருந்த அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய 'காமிலுஸ் ஸினாஅதைன்'. சுல்தானின் பெயரால் 'அந்நாஸிரீ' என்றும் வழங்கிய அந்நூல் 1852 முதல் 1860 வரை பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டு வெளிவந்தது.

அல்குத்தலீ என்பதிலுள்ள குத்தல் இன்றைய தாஜிகிஸ்தானின் தென்பகுதியில் இருந்த நாடு. ஊசி பற்றிய கட்டுரையில் இப்பெயர் தமிழ்க் காதுக்கு விந்தையாக ஒலிக்கலாம், அது தற்செயலே. அந்நாட்டுக் குதிரைகளின் சிறப்பை அரபுப் புவியியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். டாங் அரசவைக்கும் அங்கிருந்து குதிரைகள் அனுப்பப்பட்டன. ஒரே மேய்ச்சல் நிலத்துக் குதிரை மேற்கே பைத்தாரிடமும் கிழக்கே சீன வைத்தியரிடமும் நோயோடு நின்றிருக்கிறது. குதிரை பயணம் செய்த வழியில் நூல் பயணம் செய்யவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஈல்கானிய அமைச்சர் ரஷீதுத்தீன் தப்ரீஸில் சீன மருத்துவத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். 1313ஆம் ஆண்டுக்குரிய 'தன்ஸூக் நாமா'வின் பிரதி இஸ்தான்பூலில் உள்ளது. அது மனிதரின் நாடியைப் பேசுகிறது. குதிரையின் ஊசிப்புள்ளிகளை அன்று.

எனவே இரு மரபும் ஒரே நாளத்தில் சந்தித்ததற்குக் கொள்வினை கொடுப்பினையைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று கருதுகிறோம். குதிரையின் உடலே அதற்குக் காரணம். ஓடி வந்த குதிரையின் முகத்திலும் கழுத்திலும் நாளங்கள் புடைத்துத் தோலின் மேல் கயிறுபோல் எழுகின்றன. சூடு அங்கே திரண்டு நிற்பதாகப் பார்ப்பவனுக்குத் தோன்றும். உண்மையில் அந்நாளங்கள் புடைப்பது உள்வெப்பத்தைத் தோலின் பரப்புக்குக் கொண்டுவந்து வெளியேற்றுவதற்காக. நோயின் இருப்பிடம் என்று இரு நாட்டாரும் எண்ணியது உடல் தானே செய்துகொள்ளும் மருந்தை.

இனி இரண்டாம் கேள்வி. நலமுள்ள குதிரையின் உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 செல்சியஸ் வரை. இது உயர்வதற்கு இரு வேறு வழிகள் உள்ளன. கிருமி புகுந்தபோது மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாடு தன் அளவையே உயர்த்திக்கொள்வது காய்ச்சல். வெளிவெயிலும் தசையின் உழைப்பும் சேர்த்த வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடல் தோற்பது வெப்பத்தாக்கு. அதில் வெப்பம் 41ஐயும் தாண்டும். இரண்டையும் சூடு என்ற ஒரே சொல்லால் அழைத்ததில்தான் பழைய மருத்துவம் தடுமாறியது.

வெப்பத்தாக்கை எண்களால் அளந்து பார்க்கலாம். 500 கிலோ எடையுள்ள குதிரையின் உடலில் ஏறத்தாழ 40 லிட்டர் குருதி உண்டு. கழுத்து நாளத்தைத் திறந்து ஒரு லிட்டர் வெளியேற்றினால் அந்த ஒரு லிட்டரின் சூடு அதனோடு போகும். எஞ்சிய உடல் அதே சூட்டில் நிற்கும். கொதிக்கும் பானையிலிருந்து ஒரு குவளை முகந்தால் பானை ஆறுவதில்லை. அதே ஒரு லிட்டர் நீர் வியர்வையாகித் தோலின் மேல் முழுதும் ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அக்குதிரையின் உடலை ஒரு பாகைக்கும் மேலாகக் குளிர்விக்க அது போதும். கடும் உழைப்பில் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். வியர்வை தோலில் பரவி விரைந்து உலர்வதற்கென்றே நுரைக்கும் புரதம் ஒன்று அதில் கலந்திருக்கிறது. சேணத்தின் கீழ் நாம் காணும் வெண்ணுரை அதுதான். இவ்வாறு நீரையும் உப்பையும் இழந்து வறண்ட குதிரையின் கழுத்தைத் திறந்து மேலும் குருதி எடுப்பது தீங்கே என்பதில் இன்று ஐயமில்லை.

சீன மரபுக்கு நீதி செய்ய ஒன்று சொல்ல வேண்டும். வெப்பத்தாக்குற்ற குதிரையை நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலும் உடலிலும் குளிர்ந்த நீர் ஊற்றுமாறும் அம்மரபின் பாடநூல்கள் கூறுகின்றன. பிழைத்த குதிரைகள் நீரால் பிழைத்திருக்க வேண்டும். புகழ் ஊசிக்குப் போனது. மேலைநாட்டுக் குதிரைக்காரர்களோ வெப்பமேறிய தசையில் குளிர்நீர் பட்டால் இழுப்பு வரும் என்று நெடுங்காலம் அஞ்சிக் கொண்டிருந்தார்கள். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளுக்கு முன்னர் நடந்த ஆய்வுகளே அவ்வச்சத்துக்கு அடிப்படையில்லை என்று காட்டின. பனிக்கட்டி இட்ட நீரை உடல் முழுதும் மீண்டும் மீண்டும் ஊற்றுவதே வெப்பத்தை மிக விரைவில் தணிக்கிறது.

காய்ச்சலில் கதை வேறு. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் படைக் கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில், சுர்ரா என்று மக்கள் அழைத்த நோயால் மெலிந்து சாகும் குதிரை, ஒட்டகங்களின் குருதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சவுக்குபோல் நெளியும் ஓருயிரி அதில் நீந்திக்கொண்டிருந்தது. கடிக்கும் ஈக்கள் அதைப் பரப்புகின்றன. இந்நோயின் காய்ச்சல் அலையலையாக வரும். சில நாள் ஏறும், பின் தானே இறங்கும், மீண்டும் ஏறும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில்தான் உடையவன் வைத்தியரை அழைப்பான். வைத்தியர் நாளத்தைத் திறந்ததும் குருதியழுத்தம் தாழ்ந்து குதிரை தலை கவிழ்ந்து அமைதியுறும். அடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் தன் வழக்கப்படி இறங்கும். இதைக் கண்ட எவரும் ஊசியை நம்பாமல் இருந்திருக்க முடியாது. வைத்தியர் ஏமாற்றவில்லை, நோய் அவரையும் ஏமாற்றியது.

அப்படியானால் ஊசி முற்றிலும் வெறுங்கற்பனையா? அவ்வாறும் சொல்லிவிட இயலாது. குதிரையின் மேலுதட்டைக் கயிற்றுக் கண்ணியில் இட்டு முறுக்கிப் பிடித்தால் அது சிறு அறுவைகளுக்கும் அசையாமல் நிற்கும் என்பதை இலாயத்தார் எந்நாட்டிலும் அறிவர். வலியை வலியால் திசைதிருப்புவதாகவே அதைக் கருதிவந்தனர். 1984இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில், அந்நேரத்தில் குதிரையின் குருதியில் வலிதணிக்கும் எண்டார்ஃபின் பெருகுவதைக் காட்டி, இதுவும் அக்குபங்சரின் ஒரு வகையே என்றனர். மேலுதட்டின் அவ்விடத்தில் சீனரும் ஒரு புள்ளியைக் குறித்திருந்தனர். ஆக, வலியின் பொருட்டு ஊசிக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கலாம். காய்ச்சலுக்கு அதை நீட்டுவதற்கு இது சான்றாகாது. கால்நடை அக்குபங்சர் ஆய்வுகளை 2006இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், எந்நோய்க்கும் அதனைப் பரிந்துரைக்கவோ தள்ளவோ வலுவான ஆதாரம் இல்லை என்றே முடித்தனர்.

இவ்விடத்தில் நம் கரையைப் பற்றி ஒரு வார்த்தை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த குதிரைகளைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியதை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுவது உண்டு. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்கினார் என்றும், ஹுர்முஸ், கைஷ், ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் கொண்டுவந்தனர் என்றும் அவர் கூறுகிறார். அதே பக்கத்தில் அவர் எழுதிய மற்றொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்தன. நோய் பார்க்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. குதிரை சாகச் சாக விற்பனை பெருகும் என்பதால் வணிகர்கள் வைத்தியரைக் கூட்டிவருவதில்லை, வேறெவரும் போகாமலும் தடுத்தார்கள் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இக்குற்றச்சாட்டைக் கூறவில்லை. பொருந்தாத தீவனமும், பழக்காமல் கட்டிவைத்துப் பின் கடுமையாக ஓட்டியதுமே குதிரைகளைக் கெடுத்தன என்பது அவர் கருத்து. மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பினார், ஒன்றின் விலை 220 தீனார், வழியில் இறந்ததற்கும் அரசுக் கருவூலம் பணம் தந்தது என்ற கணக்கையும் அவரே தருகிறார்.

போலோவின் சொல் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. போட்டியாளர் பரப்பிய பேச்சை அவர் கேட்டிருக்கலாம். அக்குதிரைகளைக் கொன்றவற்றுள் சுர்ராவும் இருந்திருக்கலாம் என்பது நம் அனுமானம். புழுக்கமான வெப்பநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரை வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும் நோய் ஒன்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டலக் குடியேற்றங்களுக்குப் பிரித்தானியர் கொண்டுபோன குதிரைகளிடம் அது விவரிக்கப்பட்டது. இவற்றை எந்தப் பைத்தாரும் தவ்தீஜால் தீர்த்திருக்க முடியாது. எனினும் நிழல், நீர், தீவனம், ஓய்வு ஆகியவற்றை அவர் நிச்சயம் சொல்லியிருப்பார். அந்நூல்களில் பாதி அதுவே. தன் கையிலுள்ள விலங்கின் உணவும் பராமரிப்பும் உடையவன் மேல் கடமை என்று ஃபிக்ஹு கூறுகிறது. விற்ற பின் கடமை வாங்கியவனுடையது என்று அவ்வணிகர்கள் வாதிட்டிருக்கலாம். மருத்துவன் கப்பலேறாமல் தடுத்தவனுக்கு அவ்வாதம் துணைவராது. பாக்தாதில் படம் வரைந்து எழுதி வைத்த கலை, போலோ சொல்வது உண்மையானால், நம்மவர் கையாலேயே கரையில் நிறுத்தப்பட்டது.

இன்றும் வெப்பத்தாக்குற்ற குதிரையிடம் வரும் கால்நடை மருத்துவர் முதலில் கழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தையே கட்டைவிரலால் அழுத்தி நாளத்தை எழுப்புகிறார். ஊசியும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. குருதி எடுப்பதற்கன்று, வியர்த்து இழந்த உப்புநீரை, 20 லிட்டரும் அதற்கு மேலும், வதஜின் வழியே உள்ளே செலுத்துவதற்காக.